தொப்புள்கொடி அறுக்க மறுத்தவர்கள்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்ணல் அம்பேத்கரின் ஓர் உரையை எடுத்துக்கொண்டோம். 1928 சூலை 28 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து அவர் பேசியது. பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது அவளுடைய தனிப்பட்ட நலன் மட்டுமல்ல, நாட்டின் நலன். ஆகவே அந்தச் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். ஆனாலும் அவள் உழைப்பால் இலாபம் அடைகிற முதலாளி கைகழுவிவிட முடியாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டு அது சட்டமானது.

கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது செவிலியர் படிப்பு படிக்கும் தங்கை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, இந்தச் சட்டம் மில்லு, பேக்டரிக்குப் போற பொம்பளைங்களுக்குத்தானே? எங்க அம்மாச்சி ஊர்ல எல்லா வீட்டுக்கும் பிரசவம் பார்த்தவங்க. அவங்க எந்த மில்லுல கணக்கு?" என்று கேட்டாள்.

எந்த மில்லிலும் இல்லை. அந்தச் சட்டம் தொழிற்சாலைப் பெண்களுக்கானது. அம்பேத்கர் பின்னாளில் வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது சுரங்கத்தில் வேலை செய்த பெண்களின் பேறுகாலப் பயனுக்காகவும் முயன்றார். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடி அறுத்த பெண்ணை எந்தச் சட்டமும் தொழிலாளி என்று எழுதவில்லை. அவள் செய்தது வேலை என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது அவளுடைய சாதியின் 'கடமை'. கடமைக்குக் கூலி கிடையாது, விடுப்பு கிடையாது, மறுக்கும் உரிமையும் கிடையாது.

அன்றைக்கு அந்தத் தங்கைக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து தொடங்கப்போவதில்லை. நம் ஊர்களில் மருத்துவச்சி வேலையைப் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்களும் பல இடங்களில் நம் பெண்களும் செய்தார்கள். 1926இலேயே சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் வந்துவிட்டது. பிறகு மருத்துவமனைகளும் வந்தன. பழைய நினைவுகள் மெல்ல மங்கிவிட்டன. இந்திய – நேபாள எல்லையில் நிலைமை வேறு. அங்கே கொடி அறுப்பது ஒரே ஒரு தீண்டப்படாத சாதியின் தலையில் பெயர் சொல்லிச் சுமத்தப்பட்டிருந்தது. அதைவிட முக்கியம், அந்தப் பெண்கள் ஒரு கட்டத்தில் "இனி அறுக்க மாட்டோம்" என்று சொன்னார்கள். தாய்-சேய் நலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த மறுப்பை எழுதுவதில்லை.

எல்லையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பீகாரின் சம்பாரண், சீதாமடி, மதுபனி, சுபௌல், அரரியா, கிஷன்கஞ்ச் மாவட்டங்கள் இந்தப் பக்கம். நேபாளத்தின் சர்லாஹி, மஹோத்தரி, தனுஷா, சிராஹா, சப்தரி போன்ற தராய்ச் சமவெளி மாவட்டங்கள் அந்தப் பக்கம். 1816 சுகௌலி ஒப்பந்தம் மிதிலை நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டது. மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் கோட்டுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும்தான். 1950 ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு நாட்டு மக்களும் கடவுச்சீட்டு இல்லாமல் நடந்தே போய்வரலாம். நாட்டைப் பிரித்த கோட்டால் சாதியைப் பிரிக்க முடியவில்லை. சமார் சாதி இரு பக்கத்திலும் தீண்டப்படாத சாதியாகவே இருந்தது. போதாததற்கு, 1854இல் ஜங் பகதூர் ராணாவின் முலுக்கி ஐன் சட்டம், யார் கைத் தண்ணீர் செல்லும், யார் கைத் தண்ணீர் செல்லாது, யாரைத் தொட்டால் தீட்டு என்பதையெல்லாம் நேபாள அரசின் சட்டமாகவே எழுதிவைத்தது. மனு எழுதியதை ஒரு நவீன அரசு அச்சடித்துக் கொடுத்த கதை அது.

சீதை பிறந்த மண் என்று சீதாமடியும் சனக்பூரும் இன்றும் போட்டி போடுகின்றன. அவள் உழவுசாலில் கிடைத்தாள் என்பது கதை. கொடி அறுக்க யாரும் தேவைப்படாத ஒரே பிள்ளை! மற்ற எல்லாப் பிள்ளைக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் சமைன், அதாவது சமார் சாதிப் பெண்.

சமைனை 'மருத்துவச்சி' என்று மொழிபெயர்த்தால் பாதி உண்மைதான் வரும். வட இந்தியாவின் ஊர்களில் தங்கிப் பிள்ளைப்பேற்றை ஆராய்ந்தவர்கள் (பட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி இணையர், பின்னர் சாரா பிண்டோ போன்றோர்) திரும்பத் திரும்ப ஒன்றைப் பதிவுசெய்கிறார்கள். வலி வந்தவுடன் கூட இருப்பது பெரும்பாலும் மாமியார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி. முடிவெடுப்பதும் அவர்கள்தான். தாயி என்று அழைக்கப்படுகிற பெண்ணின் திறமைக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை. அவளை முக்கியமாக எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், தீட்டுக்கு. கொடியை அறுக்க, நஞ்சுக்கொடியைப் புதைக்க, இரத்தம் தோய்ந்த துணியை அள்ள, பிள்ளை பெற்ற அறையைத் துடைக்க. கொடி அறுப்பது உயிரை அறுப்பதைப் போன்ற பாவம், அந்தப் பாவத்தைச் செய்யவென்று ஒரு சாதி இருக்கிறது என்பது நம்பிக்கை. அதனால் அவள் வந்து சேரும்வரை, பிறந்த பிள்ளை நஞ்சுக்கொடியோடு கிடக்கும். வீட்டில் அரிவாள் இருக்கும், பிளேடு இருக்கும், கை இருக்கும். எந்தக் கையும் அறுக்காது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பிறந்து சில நிமிடங்களே ஆன பிள்ளை. அது பிராமணப் பிள்ளையாக இருக்கலாம், பூமிகார், ராஜபுத்திரப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதை முதலில் முழுதாகக் கையில் ஏந்துவது தீண்டப்படாத பெண்ணின் கை. ஆறாம் நாள் சட்டிச் சடங்குவரை தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்ப்பதும் அந்தக் கைதான். சடங்கு முடிந்து தீட்டுக் கழித்தவுடன் அந்தக் கை மறுபடியும் தீட்டாகிவிடும். கூலி என்று கிடைத்தது கொஞ்சம் தானியம், ஒரு பழைய சேலை. ஆண்பிள்ளை என்றால் கூடுதல், பெண்பிள்ளை என்றால் குறைவு. பெண்பிள்ளை பிறந்தால் தாய்க்கு வசவு, கொடி அறுத்தவளுக்குக் கூலிக் குறைப்பு!

அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்களே? நடுராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டால் கைப்பிள்ளையை மூத்த பிள்ளையிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவளே பச்சை உடம்புக்காரியாக இருந்தாலும், அந்த வீட்டு நிலத்தில் கூலிவேலை செய்து பிழைக்கிற குடும்பம் 'வர மாட்டேன்' என்று சொல்ல முடியாது. ஊருக்கே எண்ணெய் தேய்த்தவளுக்குத் தன் பேற்றுக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு கிடைத்திருக்கும்? நேபாளத்தில் கருப்பை இறக்கம், நம் ஊரில் 'அடி இறங்குதல்' என்பார்களே, அது ஒரு தேசியப் பிரச்சினை. பிள்ளை பெற்ற சில நாளிலேயே சுமை தூக்குவதும் வயலில் இறங்குவதும் அதன் காரணங்களில் அடங்கும். இது பெண்களின் இனப்பெருக்க உரிமையைப் பாதிக்கிற சிக்கல், அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குள் எத்தனை தலைமுறை கடந்துவிட்டது.

சரி, வெள்ளைக்காரன் ஆட்சியில் 'சீர்திருத்தம்' வந்ததே, அது என்ன செய்தது? 1885இல் டஃப்ரின் நிதி தொடங்கப்பட்டது. 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியில், தாயிகளுக்குப் பயிற்சி கொடுக்க விக்டோரியா நினைவு நிதி வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல வேண்டியதில்லை, பிரசவச் சாவுகள் உண்மையிலேயே கொடுமையானவை. ஆனால் அந்தக் காலத்து அறிக்கைகளில் குற்றவாளி யார் என்று பார்த்தால் எப்போதும் தாயிதான். அழுக்கானவள், அறிவில்லாதவள், கீழ்ச்சாதிக்காரி. 1927இல் கேத்தரின் மேயோ எழுதிய 'மதர் இந்தியா' அதையே உலகத்துக்குப் பரப்பியது. மேயோவை எதிர்த்துப் பொங்கியெழுந்த தேசியவாதிகளில் எத்தனை பேர் தாயிக்காகப் பேசினார்கள்? சுத்தமான தண்ணீர்க் கிணற்றில் அவளைச் சேர்க்காதவர்கள், கருக்கலில் இருட்டு அறையையும் கந்தல் துணியையும் கொடுத்தவர்கள், அவள் கை அழுக்கு என்றார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் சோப்பைக் கொடுத்தார்களே தவிர, கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த மேயோ புத்தகம் வந்த அதே 1927இல்தான் மகாடு மாநாடு நடந்தது. குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்ததை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். செத்த மாட்டின் இறைச்சியை உண்பதில்லை என்று அங்கே முடிவெடுத்ததைக் குறைவாகவே பேசுகிறோம். இழிவு என்று நம் தலையில் கட்டிய வேலையை விட்டொழிப்பது விடுதலையின் முதல் படி என்ற அம்பேத்கரின் அழைப்பு, மெல்ல வடக்கே பயணம் போனது. 1950களிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஊர்களில் அது 'நாரா – மவேசி' இயக்கமாக உருவெடுத்தது. நாரா என்பது தொப்புள்கொடி. மவேசி என்பது கால்நடை. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், கொடியையும் அறுக்க மாட்டோம். ஆண்கள் மீது சுமத்திய இழிவு ஒன்று, பெண்கள் மீது சுமத்திய இழிவு ஒன்று. இரண்டையும் ஒரே மூச்சில் உதறினார்கள். ஒரு சாவு, ஒரு பிறப்பு. இரண்டின் தீட்டையும் ஒரு சாதியிடம் தள்ளிவிட்டுத்தான் மற்ற சாதிகள் தூய்மையாக இருந்தன.

பத்ரி நாராயண் போன்ற ஆய்வாளர்கள் இந்த இயக்கத்தை வாய்மொழி நினைவுகளிலிருந்து பதிவுசெய்திருக்கிறார்கள். இதற்குப் பெரிய தலைவர் கிடையாது, மாநாட்டுத் தீர்மானப் புத்தகம் கிடையாது. ஊர் ஊராக, சாதிப் பஞ்சாயத்துகளில் கூடி எடுத்த முடிவு. ஆதிக்கச் சாதிகள் என்ன செய்தன என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அடி உதை. கூலிவேலை நிறுத்தம். வயல் வரப்பில் நடக்கத் தடை. ஒதுங்கப் போகிற இடத்திலும் தடை. ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடலாம். வரப்பில் நடக்கவும் வயல்வெளியில் ஒதுங்கவும் முடியாமல் போனால் அதிகம் தவிப்பது பெண்கள், அதிலும் நிறைமாதக் கர்ப்பிணிகள். ஆக இந்தப் போராட்டத்தின் விலையைப் பெண்கள் இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். ஆண் தோழர்கள் எழுதும்போது இது பெரும்பாலும் 'மாட்டுப் போராட்டம்' ஆகிவிடுகிறது. கொடி காணாமல் போய்விடுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த அலை தாமதமாக எழுந்தது. 1963இல் புதிய முலுக்கி ஐன் பழைய சாதிச் சட்டத்தை நீக்கியிருந்தது, காகிதத்தில். 1990 மக்கள் இயக்கத்துக்குப் பிறகுதான் தலித் அமைப்புகள் தலைநிமிர்ந்து வேலை செய்ய முடிந்தது. 1994இல் துர்கா சோப் தலித் பெண்களுக்கென்று தனி அமைப்பையே தொடங்கினார். 1990களின் கடைசியிலும் 2000இன் தொடக்கத்திலும் சிராஹா, சப்தரி மாவட்டங்களின் சமார் மக்கள் செத்த மாடு தூக்குவதை நிறுத்தினார்கள். பல ஊர்களில் பெண்கள் சுடேனி வேலையை, அதாவது கொடி அறுப்பதை, நிறுத்தினார்கள். பதிலுக்கு ஊர் விலக்கம். கடையில் அரிசி, உப்பு தராதே, பாதையில் விடாதே, வேலை கொடுக்காதே. லஹான் சுற்றுவட்டாரத்தில் இது பெரும் மோதலாகவே வளர்ந்தது.

பழங்கதை என்று நினைக்கிற தோழர்களுக்கு இன்னொரு எல்லை மாவட்டத்தைச் சொல்கிறேன். குஜராத்தின் பனாஸ்காந்தா. ஊனாவில் தோலுரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த 2016ஆம் ஆண்டு அது. செப்டம்பர் மாதம், கர்ஜா என்ற ஊரில் செத்த மாட்டை அகற்ற மறுத்த ஒரு தலித் குடும்பம் தாக்கப்பட்டது. அடிபட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் உண்டு. மாட்டைத் தூக்க மறுத்தால் ஏன் கர்ப்பிணியை அடிக்கிறார்கள் என்பதற்கு விடை வேண்டுமென்றால், நாரா – மவேசி என்ற பெயரையே மறுபடி வாசித்துப் பாருங்கள்.

இனி, கொடி அறுக்கிற கத்தியைக் கீழே வைத்த பிறகு நடந்தது.

அரசுகள் வேறு ஒரு பாதையில் வந்துகொண்டிருந்தன. இந்தியாவில் 1970களின் இறுதியில் ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற தாயி என்ற திட்டம் வந்தது. பிறகு உலக அளவிலேயே கொள்கை மாறியது. தாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பது போதாது, தேர்ச்சி பெற்ற செவிலியரும் மருத்துவமனையும்தான் தாயைக் காப்பாற்றும் என்றார்கள். மருத்துவரீதியாக அது சரியே. இரத்தப்போக்கும் வலிப்பும் வந்தால் தாயியால் என்ன செய்ய முடியும்? 2005இல் ஜனனி சுரக்ஷா திட்டமும் ஆஷா பணியாளர்களும் வந்தார்கள். பீகார் போன்ற மாநிலங்களின் ஊர்ப்புறத்தில் மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் தாய்க்கு 1,400 ரூபாய், அழைத்து வந்த ஆஷாவுக்கு 600 ரூபாய். பீகாரில் 2005-06இல் நூற்றுக்கு 20 பிரசவம்தான் மருத்துவமனையில் நடந்தது. 2019-20இல் அது 76. பீகாரின் பேறுகால மரண விகிதம், அதாவது ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை, 2001-03இல் 371ஆக இருந்து (அன்றைய கணக்கில் சார்க்கண்டையும் சேர்த்து) 2018-20இல் 118ஆக இறங்கியது. தமிழ்நாடு அப்போது 54. இடைவெளி இன்னும் இரு மடங்குக்கு மேல். ஆனாலும் இறங்கியது இறங்கியதுதான், அதைக் குறைத்துப் பேசுவது சரியல்ல.

நான் கேட்பது வேறு. ஆஷாவாகச் சேர எட்டாம் வகுப்புப் படிப்பு கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாமல் வைத்திருந்த ஐம்பது வயதுச் சமைன் எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு எங்கே போவாள்? இழிவுக்குப் பேர் போன காலத்தில் அந்த வேலை அவளுக்கு மட்டும் உரியது. அந்த வேலைக்கு ஊக்கத்தொகையும் சேலையும் அடையாள அட்டையும் வந்தபோது அது எல்லாச் சாதிக்கும் உரியதாகிவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. உங்களில் செவிலியர் படிப்பில் இருப்பவர்கள் பிரசவ அறையில் கண்ணைத் திறந்து பாருங்கள். இரத்தத்தைத் துடைத்து, நஞ்சுக்கொடியை வாளியில் அள்ளிப்போகிற அம்மா யார்? ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நேபாளம் 1988இல் பெண் சமூக நலத் தொண்டர்கள் திட்டத்தைத் தொடங்கியது. 50,000க்கும் மேற்பட்ட பெண்கள், சம்பளம் இல்லாமல். உலக அமைப்புகள் எல்லாம் மெச்சிய திட்டம். அந்தப் பெண்களின் உழைப்பை நானும் மெச்சுகிறேன். ஆனால் 'தொண்டு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பெண்ணின் உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் இருக்க முன்பு கடமை என்றார்கள், இப்போது தொண்டு என்கிறார்கள்.

2005இல் அங்கே மருத்துவமனைக்கு வரும் தாய்மாருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2009இல் பிரசவமே இலவசமானது. அந்தப் பணக் கணக்கைக் கவனியுங்கள். அப்போது உயர்மலைப் பகுதிக்கு 1,500 ரூபாய், மலைப் பகுதிக்கு 1,000, தராய்ச் சமவெளிக்கு 500 என்று வைத்திருந்தார்கள். சமவெளியில் சாலை இருக்கிறது, மருத்துவமனை பக்கம், செலவு குறைவு என்பது காரணம். தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்திருக்கிறார்கள். சமார் தெருவிலிருந்து, முசஹர் குடிசையிலிருந்து மருத்துவமனைப் படிக்கட்டுவரை உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியுமா? 2008-09இல் நேபாள அரசு எட்டு மாவட்டங்களில் நடத்திய பேறுகால மரண ஆய்வு அந்தத் தூரத்தை வேறு அளவுகோலால் காட்டியது. மொத்தத்தில் 229. நேவார் பெண்களில் 105. பிராமண, சேத்திரிப் பெண்களில் 182. தலித் பெண்களில் 273. மாதேசிப் பெண்களில் 307. முஸ்லிம் பெண்களில் 318. சாலை உள்ள சமவெளியின் பெண்கள்தான் அதிகமாகச் செத்திருக்கிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களின் சாவுகளில் 16 விழுக்காடு தற்கொலை. தாய்-சேய் நலம் என்றால் இரத்தசோகையும் ஊசியும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. மருமகளாக வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவாக அதிர்ச்சி இருந்திருக்காது.

அந்த மருமகள் வாழ்க்கையைத் தொட்ட ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். மக்வான்பூர் மாவட்டத்தில் மருத்துவர் தர்ம மானந்தரும் குழுவினரும் 2001 முதல் ஒரு சோதனை செய்தார்கள். ஊர்ப்பெண் ஒருவர் மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டுவார். அவர் செவிலியர் அல்ல, பாடம் எடுக்கவும் மாட்டார். படங்களை வைத்துக்கொண்டு, நம் ஊரில் பிள்ளை ஏன் செத்தது, தாய் ஏன் செத்தாள், நாம் என்ன செய்யலாம் என்று பேசவைப்பார். பெண்களே சேர்ந்து நிதி சேர்த்தார்கள், தூக்குக்கட்டில் ஏற்பாடு செய்தார்கள், சுத்தமான பிரசவப் பொதி வாங்கிவைத்தார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் பிள்ளைகளின் விகிதம் 30 விழுக்காடு குறைந்தது. பின்னர் எல்லையோர தனுஷா, மஹோத்தரி மாவட்டங்களில் இதே கூட்டங்களோடு கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் கொடுத்துப் பார்த்தபோது பிள்ளைகளின் பிறப்பு எடை சராசரியாக 78 கிராம் கூடியது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்ணுக்கு, 'இது உன்னுடையது' என்று ஒரு பொட்டலம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 78 கிராம் சாட்சி.

இப்போது மறுபடியும் கொடிக்கே வருகிறேன். பீகாரின் சீதாமடியை ஒட்டிய சர்லாஹி மாவட்டம். அங்கே பல பத்தாண்டுகளாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நேபாள ஆய்வாளர்களும் பெரிய மருத்துவ ஆய்வுகளை நடத்தியிருக்கிறார்கள். 44,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற வைட்டமின் ஏ ஆய்வு 1999இல் வெளியாகி உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. பேறுகாலச் சாவு வெகுவாகக் குறைகிறது என்றார்கள். பிறகு வங்கதேசத்திலும் கானாவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நிலைத்து நின்றது இன்னொரு ஆய்வு. பிறந்த பிள்ளையின் அறுத்த கொடியில் குளோர்ஹெக்சிடின் என்ற மலிவான கிருமிக்கொல்லி மருந்தைத் தடவினார்கள். 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2006இல் முடிவு வந்தது. வெறுமனே உலரவிட்ட கொடியோடு ஒப்பிட்டால், ஒரு மாதத்துக்குள் இறக்கும் விகிதம் 24 விழுக்காடு குறைவு. நேபாளம் அதை 'நாபி மல்ஹம்' என்ற பெயரில் சிறு குழாயில் அடைத்து நாடு முழுக்கக் கொடுத்தது. வீட்டில் பிறக்கும் பிள்ளைகளின் சாவு அதிகமுள்ள இடங்களுக்கு இதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. கடுகெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டிருந்த கொடி. ஒரு சாதியைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த அதே கொடி. சர்லாஹியின் ஏழைத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் கொடியைக் காட்டி உலகத்துக்கு ஒரு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது என்பது தெரிந்ததுதானே.

எல்லையில் வாழ்வதற்கென்றே சில சிக்கல்கள் உண்டு. மருத்துவமனை எந்த நாட்டில் பக்கமோ அங்கே போவார்கள். ரக்சௌலில் மருத்துவர் சிசில் டங்கன் 1930இல் தொடங்கிய மிஷன் மருத்துவமனைக்கு நேபாளத்துப் பெண்கள் வருவது நெடுங்கால வழக்கம். பீகார்ப் பெண் நேபாளத்துக்கு வாழ்க்கைப்பட்டால் அவள் குடியுரிமை கணவன் கையில். பிள்ளைக்குத் தாய் வழியில் குடியுரிமை வாங்குவது இன்னும் தகப்பன் வழியைப் போல எளிதல்ல. சான்றிதழ் இல்லாத தலித் குடும்பம் என்றால் பிறப்புப் பதிவும் உதவித்தொகையும் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது, நூறு ஆண்டாக இல்லாத கோடு ஒரே இரவில் சுவராகிவிட்டது. அந்த ஊரடங்கில் நேபாளத்தின் ஒன்பது மருத்துவமனைகளைக் கணக்கெடுத்த ஆய்வு, மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கு மேல் குறைந்தன என்று காட்டியது. அங்கேயே பிறந்த பிள்ளைகளில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 13இலிருந்து 40ஆக ஏறினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2015 அரசியல் சட்டம் பாதுகாப்பான தாய்மையை அடிப்படை உரிமையாக்கியது. 2017 உள்ளாட்சித் தேர்தல் சட்டம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் கட்டாயம் என்றது. அந்த ஆண்டு 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஊரின் அடிப்படைச் சுகாதார நிலையங்கள் இப்போது அதே உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. கூட்டத்தில் பேச விடுவதில்லை, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். நம் ஊராட்சித் தலைவர்களின் கதை நமக்குத் தெரியாததா? ஆனாலும் கொடி அறுக்க மட்டும் வாசலுக்குள் அழைக்கப்பட்டவளின் பேத்தி, பிரசவ அறைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று கேட்கிற நாற்காலியில் சட்டப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தத் தங்கைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவளுடைய அம்மாச்சிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். எத்தனை வீடுகளுக்குப் போனார், எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், என்ன கூலி கொடுத்தார்கள், ஆண்பிள்ளைக்கு எவ்வளவு, பெண்பிள்ளைக்கு எவ்வளவு, தன் பிள்ளைகளை அப்போது யாரிடம் விட்டுப் போனார், அவருக்கு யார் பிரசவம் பார்த்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு, அவர் பேசுகிறபடியே பதிவுசெய்து வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்தால் கேட்டுப் பதிவுசெய்து அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் போட மாட்டோம். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னால், எந்த ஆண்டு, ஏன் என்பதை மட்டும் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.